கழிவு நீரில் நைட்ரஜன்: தானியங்கிக் கட்டுப்பாட்டின் பயன்

நகரங்களின் கழிவு நீரில் நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியாவாக அமைந்துள்ளது. அது ஆற்றில் கலந்தால் மீன்களுக்கு நஞ்சாகும். நீரிலுள்ள பிராணவாயுவையும் கவர்ந்துகொள்ளும். நைட்ரேட்டாக மாறிக் குடிநீரில் மிகுமாயின், கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். ஆதலின், குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று இந்தியத் தரநிர்ணயம் விதிக்கிறது.

நைட்ரஜனை நீக்கும் பணியைச் செய்வன நுண்ணுயிர்களே. 1914ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மாஞ்செஸ்டர் நகரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இருவர் வெளியிட்ட முறையே இதற்கு அடிப்படை. நுண்ணுயிர்கள் செறிந்த சேற்றைத் தொட்டியில் நிறுத்திக் காற்றூட்டுவதே அம்முறை. காற்றூட்டிய தொட்டியில் ஒரு வகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக்குகின்றன. அந்நீரைக் காற்றில்லாத் தொட்டிக்குத் திருப்பினால், வேறு வகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவைச் சுவாசித்து, நைட்ரஜனைத் தீங்கற்ற வாயுவாக வெளியிடுகின்றன.

முன்னதற்குக் காற்று இன்றியமையாதது. பின்னதற்குக் காற்றே பகை. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏறக்குறைய 4.6 கிராம் பிராணவாயு தேவை. காற்று குறைந்தால் அம்மோனியா எஞ்சும். புவியை வெப்பமாக்கும் நைட்ரஸ் ஆக்சைடும் மிகக்கூடும். காற்று மிகுந்தால் மின்சாரம் வீணாவதோடு, எஞ்சிய பிராணவாயு காற்றில்லாத் தொட்டியின் வேலையைக் கெடுக்கும். கழிவு நீரோ காலையில் பெருகி நள்ளிரவில் சுருங்குவது. எனவே, எவ்வேளைக்கும் ஒரே அளவாகக் காற்றைச் செலுத்துதல் பொருந்தாது.

தானியங்கிக் கட்டுப்பாடு இக்குறையைப் போக்குகிறது. நீரில் அமிழ்ந்த உணர்கருவி அம்மோனியாவை இடைவிடாது அளக்கிறது. கட்டுப்பாட்டுக் கருவி அதனைக் குறித்த இலக்குடன் ஒப்பிட்டு, தொட்டியில் இருக்கவேண்டிய பிராணவாயுவின் அளவை நிர்ணயிக்கிறது. இரண்டாவது கருவி அவ்வளவு கிட்டும்படி காற்றுக் குழாயின் வால்வைத் திறக்கிறது அல்லது மூடுகிறது. கொதிப்பறிந்து அடுப்பைத் தணிக்கும் சமையற்காரரின் செயல் போன்றதே இது. காற்றூட்டுவதற்கே நிலையத்தின் மின்செலவில் பெரும்பகுதி ஆவதால், இதனால் விளையும் சிக்கனம் சிறிதன்று.

ஆயினும், கருவி அறிவது உணர்கருவி சொல்வதை மட்டுமே. அதன்மீது அழுக்குப் படிந்து அம்மோனியா குறைவு எனப் பிழையாகக் காட்டினால், காற்று குறைக்கப்படும். மாசு அறியப்படாமலே ஆற்றை அடையும். அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் மிக மெதுவாகப் பெருகுவன. அவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் நிலைபெற வாரக்கணக்காகும். ஆகவே, உணர்கருவியைத் தவறாது துடைத்து, ஆய்வுக்கூட அளவுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் ஊழியரின் பணி, தானியங்கி வந்த பின்னரும் குறைவதில்லை. அதன் பொறுப்பு மிகுந்தே நிற்கிறது.