2020-ல் 21 நகரங்களில் நிலத்தடி நீர் காலி... அந்த நம்பர் எங்கிருந்து வந்தது?

'2020-க்குள் சென்னை, டெல்லி, பெங்களூரு, ஹைதராபாத் உட்பட 21 நகரங்களில் நிலத்தடி நீர் தீர்ந்துவிடும், 10 கோடிப் பேர் பாதிக்கப்படுவார்கள்.' சில வருஷங்களுக்கு முன்பு வாட்ஸ்அப்பில் இருந்த எல்லோருக்கும் இந்த மெசேஜ் ஒரு தடவையாவது வந்திருக்கும். இதை மேற்கோள் காட்டிய காலேஜ் புராஜெக்ட்களுக்கும் கணக்கே கிடையாது. 2020 வந்தது, போனது. போர்வெல்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அப்போ அது புரளியா? இல்லை. 2018-ல் நிதி ஆயோக் வெளியிட்ட நீர் மேலாண்மைக் குறியீட்டு அறிக்கையிலேயே இருந்த வரி அது. 2019-ல் 'வாஷிங்டன் போஸ்ட்' நிருபர் ஒருவர் அதன் மூலத்தைத் தேடிப் போனார். அறிக்கை கைகாட்டிய உலக வங்கியோ, உலக வள நிறுவனமோ அந்த நம்பர் தங்களுடையது என்று சொல்லவில்லை. கடைசியில் தேடல் போய் நின்ற இடம், மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மாவட்ட வாரியான பழைய கணக்கு.

ஆராய்ச்சித் திறன் என்றால் பெருசா ஏதோ நினைக்கிறோம். முதல் பாதி இதுதான்... ஒரு நம்பரைப் பிடித்து, அது பிறந்த வீடு வரைக்கும் போவது.

இரண்டாவது பாதி, அந்த நம்பர் எதை அளக்கிறது என்று பார்ப்பது. ஒரு வருஷத்தில் மழையாலும் பிற வழிகளிலும் நிலத்துக்குள் ஊறி, நாம் எடுக்கக்கூடிய நீர் எவ்வளவு, அதில் நிஜமாக எடுப்பது எவ்வளவு என்பதைத்தான் வாரியம் சதவிகிதமாகச் சொல்கிறது. 70 வரை பாதுகாப்பானது. 90-ஐத் தாண்டினால் அபாயம். 100-ஐத் தாண்டினால் 'அதீதச் சுரண்டல்'.

மாசம் 30,000 சம்பளம் வாங்கி 33,000 செலவு செய்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கணக்கு 110 சதவிகிதம். நிலைமை மோசம்தான். ஆனால், பேங்க்கில் எவ்வளவு சேமிப்பு இருக்கிறது, என்றைக்கு அது காலியாகும் என்று இந்த 110-ஐ மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. '100-க்கு மேல்' என்பது 'சீக்கிரம் பூஜ்யம்' என்று மாறினால், பிழை அந்த இடத்தில்தான் நுழைகிறது.

இதனால் என்ன நஷ்டம்? 'அதான் 2020-ல் ஒண்ணும் ஆகலையே' என்று அடுத்த எச்சரிக்கையையும் சேர்த்துத் தூக்கிப்போடுகிறோமே, அதுதான். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டது நிஜம். அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வந்ததும் நிஜம். முதல் ரயிலில் வந்தது 25 லட்சம் லிட்டர். கேட்கப் பெரிய நம்பர். ஆனால், அப்போது சென்னைக்கு தினமும் தரப்பட்டது சுமார் 52.5 கோடி லிட்டர். வகுத்துப் பாருங்கள், அரை சதவிகிதம்கூட வராது! 'லட்சம்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் எதோடு ஒப்பிட வேண்டும் என்று கேட்பதுதான் டேட்டா அறிவு. எக்ஸெல்லில் கலர் கலரா சார்ட் போடுவதெல்லாம் அப்புறம்.

அடுத்து எழுத்து. 'சென்னையில் நிலத்தடி நீர் தீரப்போகிறது' என்பது ஃபார்வேர்டு மொழி. 'இந்த மாவட்டத்தில், இந்த ஆண்டின் வாரியக் கணக்குப்படி, ஊறுவதைவிட அதிகமாக நீர் எடுக்கப்படுகிறது' என்பது ஆய்வு மொழி. கொஞ்சம் போரிங்தான். ஆனால் எங்கே, எப்போது, யார் கணக்கு என மூன்றும் அதில் இருக்கிறது; சந்தேகப்படுபவர் போய்ச் சரிபார்க்கலாம்.

ஐ.நா-வின் 17 நிலையான வளர்ச்சி இலக்குகளில் ஆறாவது, தண்ணீரும் சுகாதாரமும். 2030 வரை கெடு. அதை வைத்து புராஜெக்ட் செய்கிறவர்கள் உலக அறிக்கையைத் தேடி ஓட வேண்டாம். சென்னைக் குடிநீர் வாரிய இணையதளத்தில் ஏரிகளின் நீர் இருப்பு தினமும் வருகிறது. அளவு மில்லியன் கன அடியில் இருக்கும். ஒரு மில்லியன் கன அடி என்பது சுமார் 2.83 கோடி லிட்டர். உங்கள் ஏரியாவுக்கு நீர் தரும் ஏரியை எடுத்து, ஒரு மாசம் குறித்துவைத்துப் பாருங்கள்.