போன் அடித்தால் நெட் ஏன் கட்டாகிறது?

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பெரியம்மாவிடமிருந்து போன் வரும். மணி அடித்த மறுநொடி, மோடத்தில் பச்சையாக நின்ற விளக்கு மினுக்கத் தொடங்கும். மாடியிலிருந்து மகன் "நெட் போச்சுப்பா!" என்று குரல் கொடுப்பான். புகார் கொடுத்தோம். லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறிப் பார்த்தார். மோடத்தைக்கூட மாற்றினோம். எதற்கும் மசியவில்லை. கடைசியில் கோளாறு அகப்பட்டது பூஜை அறைக்கு வெளியே. அப்பா காலத்தில் இழுத்துவிட்ட பேரலல் போன் அங்கே இருந்தது. அதற்கு மட்டும், பேச்சையும் இன்டர்நெட்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் இல்லை.

ஃபைபர் வராத தெருக்களில், பழைய செப்புக் கம்பியில் பிராட்பேண்ட் வைத்திருக்கும் வீடுகளுக்கு இது பொதுவான தொல்லை. 2004-இல் மத்திய அரசு வெளியிட்ட பிராட்பேண்ட் கொள்கை, 256 கேபிபிஎஸ் வேகம் இருந்தாலே பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. அடுத்த ஆண்டு பிஎஸ்என்எல் தன் டேட்டாஒன் சேவையைத் தொடங்கியபோது வீடுகளுக்குப் புதுக் கம்பி இழுக்க வேண்டியிருக்கவில்லை. பேச்சு போன அதே ஜோடிக் கம்பியிலேயே இன்டர்நெட்டும் வந்தது. ஆனால் அந்தக் கம்பி ஹாலிலிருந்து சமையலறைக்கும் மாடிக்குமாக ஏற்கெனவே கிளை விட்டிருந்தது.

கம்பி ஒன்றுதான் என்றாலும் பேச்சும் இன்டர்நெட்டும் வேறு வேறு அலைவரிசைகளில் போகின்றன. பேச்சுக்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை போதும். இன்டர்நெட்டைக் கொண்டுவரும் ஏடிஎஸ்எல் முறை தொடங்குவதே 26 கிலோஹெர்ட்ஸ் அளவில். அங்கிருந்து 138 கிலோஹெர்ட்ஸ் வரை நாம் அனுப்புவது போகிறது. அதற்கு மேல் 1,104 வரை நமக்கு வருவது. ஏடிஎஸ்எல் 2 பிளஸ் என்றால் மேல் எல்லை 2,208 கிலோஹெர்ட்ஸ். நடுவில் இவ்வளவு இடைவெளி இருப்பதால் கம்பிக்குள் இரண்டும் மோதிக்கொள்வதில்லை.

சிக்கல் போன் கருவியில் இருக்கிறது. அது பேச்சுக்கு மட்டும் செய்த கருவி. மேலே ஓடும் அலைவரிசை அதற்கு அந்நியம். அந்த அலை உள்ளே நுழைந்தால், கருவியின் மின்சுற்று அதைக் காதுக்குக் கேட்கும் இரைச்சலாக மாற்றிவிடுகிறது. ரிசீவரில் 'உஸ்ஸ்' என்று கேட்பது அதுதான். பதிலுக்குப் போனும் கம்பியைக் கெடுக்கும். மணி அடிக்கும்போது கம்பியில் பெரிய மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது; ரிசீவரைத் தூக்கிய கணத்தில் கம்பியின் மின்தன்மையே மாறிவிடுகிறது. மோடம் தான் கணக்குப் போட்டு வைத்த கம்பி இதுவல்ல என்று திணறி, இணைப்பை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

ஸ்ப்ளிட்டர் என்றும் ஃபில்டர் என்றும் சொல்கிற அந்த வெள்ளைப் பெட்டியைத் திறந்தால், செப்புக் கம்பி சுற்றிய சில சுருள்களும் இரண்டு மூன்று கெப்பாசிட்டர்களும்தான் இருக்கும். அலையின் அதிர்வெண் கூடக் கூடச் சுருள் அதை அதிகமாக மறிக்கும். மீறி வருவதைக் கெப்பாசிட்டர் திருப்பிவிடும். பேச்சு மட்டும் தடையில்லாமல் கடந்துபோகும்.

பலர் தவறுவது இங்கேதான். பெயரைப் பார்த்து, இது இன்டர்நெட்டைச் சுத்தப்படுத்துகிற வடிகட்டி, மோடத்துக்குத்தான் தேவை என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் வடிகட்டுவது போன் பக்கத்தை. 'போன்' துளையில் மோடத்தைச் செருகினால் இணைப்பே கிடைக்காது. மோடத்தின் பக்கத்தில் ஒரு ஸ்ப்ளிட்டர் இருக்கிறதே என்று, மாடியில் உள்ள போனை அப்படியே விட்டுவிட்டாலும் பயனில்லை. ஃபேக்ஸ், காலர் ஐடி பெட்டி, திருட்டு அலாரம் என்று அந்தக் கம்பியில் தொங்கும் ஒவ்வொன்றுக்கும் வடிகட்டி வேண்டும். நல்ல வழி, லைன் வீட்டுக்குள் நுழையும் ரோசெட் பெட்டியிலேயே ஒரே ஸ்ப்ளிட்டர் போட்டுவிடுவது. 'போன்' துளையிலிருந்து எல்லாப் போன்களுக்கும் கம்பி பிரியட்டும். 'மோடம்' துளையிலிருந்து மோடத்துக்குத் தனிக் கம்பி போகட்டும். நான்கைந்து போன் உள்ள வீட்டில் ஆளுக்கொரு ஃபில்டர் மாட்டுவதைவிட இதுவே மேல். ஒவ்வொரு ஃபில்டரும் கம்பிக்குக் கொஞ்சம் பாரம்தான்.

சந்தேகம் வந்தால், எல்லாப் போனையும் கழற்றிவிட்டு மோடத்தை மட்டும் நேரே லைனில் மாட்டி ஒரு மணி நேரம் பாருங்கள். நெட் நின்று நிதானமாக ஓடினால் கோளாறு வீட்டுக்குள். போன்களை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள், எதில் விழுகிறது என்று தெரிந்துவிடும். மோடம் மட்டும் இருக்கும்போதே நெட் விழுந்தால், ஒரு போனை மட்டும் ஸ்ப்ளிட்டர் வழியாக மாட்டி, ஏதாவது ஒரு எண்ணை அழுத்தி, டயல் டோன் நின்றதும் கேளுங்கள். கொரகொரவென்று சத்தம் வந்தால் வெளிக் கம்பியில் எங்கோ ஒட்டு துருப்பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். லைன்மேனிடம் இதைச் சொன்னால் அவருக்கும் வேலை பாதியாகும்.

போன் இல்லாமல் சுவரோரம் சும்மா கிடக்கும் பழைய பேரலல் கம்பியையும் கழற்றிவிடுங்கள். முனை காலியாக இருந்தாலும், அலை அங்கே போய் முட்டித் திரும்பி வந்து வேகத்தைக் குறைக்கும். எங்கள் வீட்டில் பூஜை அறை போனுக்கு ஃபில்டர் மாட்டியதோடு, மாடிப்படிக்கு அடியில் கிடந்த அப்படியொரு கம்பியையும் எடுத்த பிறகுதான் விளக்கு அசையாமல் நின்றது.

ஒன்றை மட்டும் ஸ்ப்ளிட்டரிடம் எதிர்பார்க்காதீர்கள்: அது இடியைத் தடுக்காது. ஐப்பசி மழையில் வானம் இருட்டிக்கொண்டு வரும்போதே மோடத்தின் கரண்டையும் போன் கம்பியையும் உருவி வைத்துவிடுங்கள்.