தேக்கா நிலையத்தை டேட்டாபேசுக்குள் கொண்டுவருவது எப்படி?

சிங்கப்பூரின் பஃப்ளோ ரோட்டில் இருக்கும் தேக்கா நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஈரச்சந்தையும் உணவங்காடிகளும் இருக்கின்றன. மேலே ஏறினால் துணிக்கடைகள். எல்லாமே கடைகள்தான், ஒவ்வொன்றுக்கும் கடை எண் உண்டு, கடைக்காரர் உண்டு. ஆனால் ஹலால் சான்று எண் உணவுக் கடைக்கு வேண்டியது. தையல் வசதி உண்டா என்ற குறிப்பு துணிக்கடைக்கு வேண்டியது. இவற்றுக்கு ஒரு செயலி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஜாவா தெரிந்தவர் ‘கடை’ என்று ஒரு தாய் கிளாஸும், அதன் கீழ் சந்தைக்கடை, உணவுக்கடை, துணிக்கடை என மூன்று சேய் கிளாஸ்களும் எழுதிவிடுவார்.

சிக்கல் டேட்டாபேசில் தொடங்குகிறது. எட்கர் காட் 1970இல் முன்வைத்த மாதிரியில் டேபிள்கள் உண்டு. தாய், சேய் கிடையாது. அந்த இடைவெளியை அடைக்கும் மென்பொருளுக்கு ஓ.ஆர்.எம். என்று பெயர். ஜாவா உலகில் கேவின் கிங் 2001இல் தொடங்கிய ஹைபர்நேட் இவற்றில் பெயர்பெற்றது. 2006இல் வந்த ஜேபிஏ தரத்திலும் அதன் சாயல் அழுத்தமாகவே இருக்கிறது.

இந்தத் தாய்-சேய் உறவை, அதாவது மரபுரிமையை, டேபிள்களில் சேமிக்க ஹைபர்நேட் மூன்று வழி தருகிறது. எல்லாக் கடைகளையும் ஒரே டேபிளில் போடலாம். வேகம் கிடைக்கும், ஆனால் மீன்கடையின் பதிவில் தையல் வசதி காலியாகவே கிடக்கும் என்பதால், அந்த நெடுவரிசை கட்டாயம் நிரம்பியிருக்க வேண்டும் என்று டேட்டாபேசிடம் சொல்ல முடியாது. தாய்க்கு ஒன்று, சேய்க்கு ஒவ்வொன்று எனப் பிரித்தால் ஒழுங்காக இருக்கும். எல்லாக் கடைகளையும் கேட்கும்போது நான்கு டேபிள்களை ஜாயின் செய்ய வேண்டும். சேய்களுக்கு மட்டும் முழு டேபிள் கொடுத்தால் அதே கேள்விக்கு யூனியன் போட வேண்டிவரும்.

ஒற்றை டேபிளில் வரும் ஒரு பிழையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒவ்வொரு பதிவும் எந்த வகை என்று சொல்ல ‘டிடைப்’ என்ற நெடுவரிசை இருக்கும். நாம் வேறெதுவும் சொல்லாவிட்டால் கிளாஸின் பெயரே அதில் பதிவாகும். ஒருநாள் யாரோ ‘உணவுக்கடை’ கிளாஸை ‘உணவங்காடி’ என்று பெயர் மாற்றுகிறார். நிரல் கம்பைல் ஆகிறது. பழைய பதிவுகளிலோ இன்னும் ‘உணவுக்கடை’தான். உணவங்காடிகளை மட்டும் கேட்டால் எந்தப் பிழையும் வராது. பழைய கடைகள் பட்டியலில் இருக்கவே மாட்டா. எல்லாக் கடைகளையும் கேட்கும்போதுதான் ‘ராங் கிளாஸ் எக்ஸெப்ஷன்’ என்று ஹைபர்நேட் கத்தும். கத்தும் பிழையைவிட அந்த மௌனம் ஆபத்தானது. வகைப் பெயரை நிரலிலேயே வெளிப்படையாக எழுதிவைத்தால் இது வராது.

இன்னொரு பிழை அனுபவசாலிகளையும் சுற்றவிடும். செயலியில் பதிவான வாடிக்கையாளர் கருத்து ஒன்றிலிருந்து, அது எந்தக் கடையைப் பற்றியதோ அந்தக் கடையை எடுக்கிறோம். டேபிளில் அது உணவங்காடி என்று தெளிவாக இருக்கிறது. நிரலில் ‘இது உணவங்காடியா?’ என்று கேட்டால் இல்லை என்கிறது. தேவைப்படும்போது மட்டும் தரவை எடுக்கும் ‘சோம்பல் ஏற்றம்’ என்ற வசதிக்காக ஹைபர்நேட் உண்மையான பொருளுக்குப் பதிலாக ஒரு புரோக்ஸியை நிறுத்தியிருக்கிறது. அப்போது அதற்குத் தெரிந்தது ‘கடை’ என்ற தாய் மட்டுமே. ஆகவே புரோக்ஸி தாயின் வாரிசு, உணவங்காடியின் வாரிசு அல்ல. ‘அன்புரோக்ஸி’ செய்து உள்ளே இருப்பதை எடுக்கலாம், அல்லது கருத்தோடு கடையையும் சேர்த்தே ஏற்றலாம்.

இப்படி எது வந்தாலும் நான் முதலில் செய்யச் சொல்வது, எஸ்.கியூ.எல். லாகை இயக்குவது. ஓ.ஆர்.எம். உண்மையில் என்ன கேட்டது என்பது அங்கே அப்படியே இருக்கும். கிளாஸ்களையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயன் குறைவு.

அதற்கும் முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம்: கடை வகை மாறுமா? காய்கறி விற்ற இடத்தில் நாளை பிரியாணி விற்கலாம். ஜாவாவில் பிறந்த ஒரு பொருள் தன் கிளாஸை மாற்றிக்கொள்ள முடியாது. ஹைபர்நேட்டும் அதற்கு நேர்வழி தருவதில்லை; பழைய பதிவை அழித்துப் புதிதாக எழுத வேண்டும், இல்லையேல் டேட்டாபேசில் நேரடியாகக் கைவைக்க வேண்டும். வகை மாறக்கூடியது என்றால் மரபுரிமையை விட்டுவிடுங்கள். ‘கடை’ ஒரே கிளாஸாக இருக்கட்டும். அதில் நடக்கும் வியாபாரம் தொடக்கத் தேதி, முடிவுத் தேதியுடன் தனி டேபிளாகட்டும்.