குச்சிக்கிழங்குப் பாலில் ஒரு பாடம்

கலவைகளைப் பற்றிய பாடம் வந்தால் வகுப்பறைக்கு மணலும் இரும்புத்தூளும் வந்துவிடும். பக்கத்து டம்ளரில் உப்புத் தண்ணீர். முன்னது பலபடித்தான கலவை, பின்னது ஒருபடித்தான கலவை. பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது உள்ளேயும் ஒன்றுதானா? இதைக் கேட்கக் கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் ஆய்வகம் தேடி அலைய வேண்டாம். அந்தப் பக்கத்துக் காடுகளில் விளையும் மரவள்ளி போதும். ஊர்ப் பேச்சில் குச்சிக்கிழங்கு.

கிழங்கைத் தோல் சீவித் துருவி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, துணியில் பிழியுங்கள். துணியில் நிற்கும் சக்கையை, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளில் திப்பி என்பார்கள். கீழே இறங்குவது கிழங்குப்பால். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வெண்மை. இது ஒருபடித்தானதா என்று கேட்டால் நிறையக் கைகள் உயரும். உயரட்டும். டம்ளரை அசைக்காமல் ஓரமாக வைத்துவிட்டு வேறு பாடம் நடத்துங்கள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் மாவில் பெரும்பகுதி அடியில் படிந்திருக்கும்.

மரவள்ளி மாவு குளிர்ந்த நீரில் கரைவதில்லை. அதன் மணிகள் ஒவ்வொன்றும் சுமார் 15 மைக்ரோமீட்டர் குறுக்களவு கொண்டவை. ஒரு மில்லிமீட்டரில் அறுபதுக்கு மேல் வரிசையாக நிற்கும். நீரைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தி இருப்பதால் கீழே இறங்குகின்றன. இறங்கும் வேகத்தைக் கணக்கிடும் சூத்திரத்தை ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1851இல் தந்தார். அதன்படி இந்த அளவுள்ள மணி மணிக்கு ஏறக்குறைய ஒரு சாண் இறங்கும். மணியின் அளவு பாதியானால் வேகம் கால்வாசியாகக் குறையும். சேகோ ஆலைகளில் கிழங்குப்பாலைத் தொட்டிகளில் மணிக்கணக்கில் நிறுத்தி வைப்பது இதனால்தான். பாடநூல் 'தொங்கல்' என்று ஒரே சொல்லில் சொல்லிப் போவது, சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஒரு தொழிலே நடக்கும் விதம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசி அந்தத் தொட்டிகளில் படியும் மாவிலிருந்துதான் உருள்கிறது.

மேலே தெளிந்து நிற்கும் நீரைப் பெரும்பாலான வகுப்புகள் கொட்டிவிடும். எனக்கு அதுதான் பாடத்தின் முக்கியமான பகுதி. மரவள்ளியில் சயனைடை வெளிவிடும் லினமரின் என்ற சேர்மம் இருக்கிறது. அது நீரில் கரையும். சர்க்கரைகளும் உப்புகளும் அப்படியே. துணியில் அவை சிக்காது, எத்தனை நாள் வைத்தாலும் அடியில் படியாது. ஆக அந்த டம்ளரில் இருந்தது ஒரு தொங்கல் மட்டுமல்ல, அதற்குள் ஒரு கரைசலும் சேர்ந்தே இருந்தது. பிள்ளைகள் அந்த நீரை வாயில் வைக்கக் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். ஆலைக் கழிவுநீரை வெறுமனே வடிகட்டி ஓடையில் விட முடியாததற்கும் காரணம் இதுவே. கரைந்து நிற்கும் கரிமப் பொருளை நுண்ணுயிரிகளைக் கொண்டு சிதைக்க வேண்டும். பல சேகோ ஆலைகள் அப்படிச் சிதைத்துச் சாண எரிவாயுவைப் போன்ற வாயுவை எடுத்து எரிக்கின்றன.

படிந்த மாவை மறுபடி நீரில் கலக்கிக் காய்ச்சினால் 60 முதல் 70 டிகிரி செல்சியசுக்குள் மணிகள் உப்பி உடைந்து பசையாகும். இனி அது சட்டென்று பிரிந்து படியாது. இப்போது அது கூழ்மம். அதை நிறைய நீரில் கரைத்து டார்ச் அடித்தால் ஒளி போகும் தடம் தெரியும். மலைப்பாதை வளைவுகளில் பனிமூட்டத்துக்குள் பஸ்ஸின் முகப்பு விளக்கின் ஒளித்தடம் தெரிவதும் அதே டிண்டால் விளைவால்தான். உப்புக் கரைசலில் அந்தத் தடம் தெரியாது, அதில் உள்ள துகள்கள் ஒளியைச் சிதறடிக்க முடியாத அளவுக்குச் சிறியவை.

அடிவாரத்து விவசாயிகளுக்கு இதில் பணமும் இருக்கிறது. கிழங்கின் விலை அதிலுள்ள மாவுச்சத்தைப் பொறுத்து, 'பாயிண்ட்' கணக்கில் பேசப்படுகிறது. ஜவ்வரிசியில் விலை மலிந்த மக்காச்சோள மாவைக் கலந்தால் கிழங்குக்குக் கேட்பு குறையும் என்பது அவர்களின் நெடுநாள் புகார். இரண்டும் வெள்ளை மாவு. கலந்தால் கண்ணும் விரலும் ஏமாறும். அயோடின் இரண்டையும் நீலமாக்கும், எனவே நிறத்தை நம்பிப் பயனில்லை. நுண்ணோக்கியில்தான் வேறுபாடு: மரவள்ளி மணி உருண்டை, பலவற்றில் ஒரு பக்கம் வெட்டியதுபோல் தட்டை, மக்காச்சோள மணியில் முனைகள் தெரியும்.

மூன்று பங்கு மரவள்ளி மாவும் ஒரு பங்கு மக்காச்சோள மாவும் கலந்து பிள்ளைகளிடம் கொடுக்கலாம். மனு பிரகாஷ் குழு உருவாக்கிய காகித நுண்ணோக்கி போதும். கண்ணாடித் தகட்டில் ஐந்து இடங்களில் இரு வகை மணிகளையும் எண்ணட்டும். விகிதம் இடத்துக்கு இடம் நெருங்கி வந்தால் கலவை சீரானது. விலகினால் இன்னும் கலக்க வேண்டும். பிறகு எண்ணும் பரப்பைப் பாதியாக்கி மறுபடி எண்ணச் சொல்லுங்கள். விலகல் பெரும்பாலும் கூடும். ஏன் என்று அவர்களே வாதாடட்டும்.