அட்டையின் பின்பக்கச் சிவப்புக் கட்டம்

மேட்டை முட்டிவலியோடு ஏறி இறங்குகிறவருக்கு, ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் உயிர் போகும். மருந்துக்கடையில் நின்று, "அண்ணே, போன தடவை குடுத்த அதே வலி மாத்திரை ஒரு அட்டை" என்று கேட்கத்தான் தோன்றும். எந்த மாத்திரை என்று பார்த்துவிட்டுக் கேட்பது நல்லது.

பாராசிட்டமாலை மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கலாம். டிரமடால் அப்படியல்ல. அது ஓபியாய்டு, அபினிலிருந்து வரும் மார்பின், கோடீன் ஆகியவை மூளையில் வேலை செய்கிற அதே இடத்தில் வேலை செய்வது. நாள்பட எடுத்தால் உடம்பு பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் வியர்வை, உடம்பு முறிப்பு, தூக்கமின்மை. மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம்.

ஆஸ்திரேலியாவில் கோடீன் கலந்த வலி மாத்திரை சீட்டில்லாமலே விற்றது. இந்த ஆபத்தால் 2018 பிப்ரவரி 1 முதல் நிறுத்திவிட்டார்கள். இந்தியாவில் டிரமடால் 2014 மார்ச் முதல், சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் எச்1 அட்டவணையில் இருக்கிறது. 2018 ஏப்ரலில் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் வந்தது. அட்டையைத் திருப்பினால் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். விற்பவர் நோயாளி பெயர், மருத்துவர் பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சீட்டைக் கேட்கிற கடைக்காரர் நம்மைக் காப்பாற்றுகிறார். கேட்காமலே, ரசீதும் தராமல் விற்கிற கடையைப் பற்றி மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் புகார் செய்யலாம்.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். டிரமடாலோடு 325 மி.கி. பாராசிட்டமால் சேர்ந்த மாத்திரைகள் உண்டு. ஒருவர் நாளைக்கு 6 போட்டால் பாராசிட்டமால் மட்டும் 1,950 மி.கி. கூடவே காய்ச்சலுக்கு 650 மி.கி. மாத்திரை 4 போட்டால் மொத்தம் 4,550. பெரியவர்களுக்கு உச்சவரம்பே 4,000. அடி விழுவது கல்லீரலில்.

இதையெல்லாம் கேட்டுப் பயந்து, புற்றுநோயில் துடிப்பவருக்கு மார்பினை மறுப்பது கொடுமை. கேரளத்தின் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலைப் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பலனாக, 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது. மார்பின் அத்தியாவசிய மருந்தாக ஏற்கப்பட்டு, மருத்துவமனைகள் அதை வாங்கி வைக்கும் நடைமுறையும் எளிதானது. மருத்துவர் அளந்து தரும் மார்பினைக் குடும்பத்தார் தயங்காமல் கேட்கலாம்.

மாத்திரைக்கு ஏற்கெனவே அடிமையானவர் போலீசுக்குப் பயந்து ஒளிய வேண்டியதில்லை. தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவரை, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ உட்கொண்டதற்காகவோ தண்டிக்காமல் விட அந்தச் சட்டத்தின் 64ஏ பிரிவு இடம் தருகிறது. மத்திய அரசின் 14446 உதவி எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.