பல்லைப் பிடுங்கியாச்சு... மலைக்கும் ஏறியாச்சு: அடுத்த 7 நாள் என்ன செய்யணும்?

கள்ளக்குறிச்சியில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு கல்வராயன் மலைக்குத் திரும்புகிறவருக்கு ஒரு சிக்கல் உண்டு. டவுனில் இருப்பவருக்கு ராத்திரி ரத்தம் கசிந்தால், ஆட்டோ பிடித்து டாக்டரைப் பார்த்துவிடலாம். வெள்ளிமலை, கரியாலூர் தாண்டி உள்ளே இருக்கும் கிராமத்துக்காரருக்கு அது நடக்காது. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, கச்சிராயபாளையம் வழியாக கள்ளக்குறிச்சிக்கு வந்து திரும்புவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும்.

2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. ஆனாலும் மலைக்கு மேலே தூரம் தூரம்தான். கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்து சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் தானாக முன்வந்து வழக்கை விசாரணைக்கு எடுக்கும் அளவுக்கு அங்கே அடிப்படை வசதிகள் பேசுபொருளாகின.

அதனால், பல் எடுத்த பிறகு எது சாதாரணம், எது ஆபத்து என்று தெரிந்துவைத்திருப்பது மலையில் இருப்பவருக்கு ரொம்ப முக்கியம். வீண் பயத்தில் கீழே ஓடி வரவும் வேண்டாம், வர வேண்டிய நேரத்தில் ‘பார்த்துக்கலாம்’ என்று இருந்துவிடவும் வேண்டாம்.

குழியில் இருக்கும் ரத்தக்கட்டி ஏன் முக்கியம்?

பல்லை எடுத்ததும் அந்த இடத்தில் ஒரு குழி இருக்கும். சிறிது நேரத்தில் அதில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கும. அடியில் இருக்கும் எலும்பையும் நரம்பையும் மூடும் கட்டு அதுதான். புதிய சதை அதன் மேல்தான் வளரும். மேல் ஈறு மூட 1 முதல் 2 வாரம் ஆகும். உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதங்கள் ஆகும்.

டாக்டர் சொல்லும் ‘துப்பாதீங்க, கொப்பளிக்காதீங்க, ஸ்ட்ரா போட்டு உறியாதீங்க’ எல்லாம் இந்தக் கட்டியைக் காப்பாற்றத்தான்.

பஸ் ஏறும் முன்...

வாயில் வைத்த பஞ்சை 30 முதல் 45 நிமிடம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். முடிந்தால், ரத்தம் நிற்கும்வரை கிளினிக் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டுக் கிளம்புவது நல்லது. மாத்திரைகளை டவுனிலேயே வாங்கிவிட வேண்டும். கூடுதலாகக் கொஞ்சம் சுத்தமான காஸ் துணியும், டாக்டரின் போன் நம்பரும் கையில் இருக்கட்டும். தையல் போட்டிருந்தால், அது தானாகக் கரையுமா, பிரிக்க வர வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அதைப் பல் எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். அந்த மாத்திரைகளைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

முதல் 24 மணி நேரம்

மரத்துப்போன உணர்வு 2 முதல் 4 மணி நேரம் இருக்கும். அதுவரை எதையும் மெல்லக் கூடாது. கன்னத்தையோ நாக்கையோ கடித்துக்கொண்டாலும் தெரியாது. குழந்தைகளை இந்த நேரத்தில் பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும்.

எச்சிலில் லேசாகச் சிவப்பு கலந்து வருவது ஒரு நாள் வரை சாதாரணம்தான். கொஞ்சம் ரத்தம் நிறைய எச்சிலோடு கலப்பதால் பார்க்க அதிகமாகத் தெரியும். அதைத் துப்பிக்கொண்டே இருந்தால் கட்டி பெயர்ந்து, ரத்தம் மறுபடி வரும். திரும்பக் கசிந்தால், சுத்தமான காஸ் துணியை மடித்து, ஈரப்படுத்தி, குழியின் மேல் வைத்து 30 நிமிடம் அழுத்திக் கடிக்க வேண்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது.

கன்னத்தின் வெளிப்பக்கம், துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 நிமிடம் வைத்து 15 நிமிடம் எடுக்கலாம். ஐஸ் கிடைக்காத ஊரில் குளிர்ந்த நீரில் நனைத்த துணி போதும். படுக்கும்போது தலையை உயர்த்தி வைக்க வேண்டும். 2, 3 நாளுக்கு மரவள்ளி மூட்டை, விறகுக்கட்டு தூக்கும் வேலை வேண்டாம். பாரம் தூக்கினாலும் குனிந்து நிமிர்ந்தாலும் ரத்தம் மறுபடி கசியலாம்.

என்ன சாப்பிடலாம்?

மலை வீட்டுச் சமையலிலேயே இதற்கு ஏற்றது இருக்கிறது. ஆறிய கேழ்வரகுக் கூழ், மோர், குழைந்த தயிர் சாதம், நன்றாகக் குழைய வெந்த சாமைக் கஞ்சி எல்லாம் சாப்பிடலாம். கூழில் வெங்காயம், பச்சை மிளகாய் போட வேண்டாம். சூடான டீ, காபி முதல் நாள் வேண்டவே வேண்டாம். பொரி, முறுக்கு, வறுத்த கடலை போன்றவற்றின் துகள்கள் குழியில் சிக்கும் என்பதால் ஒரு வாரம் தள்ளிவைக்கலாம். மெல்லுவது மறுபக்கம் இருக்கட்டும்.

2-ம் நாளிலிருந்து உப்புத் தண்ணீர்

24 மணி நேரம் கழிந்த பிறகு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் வாயில் வைத்து மெதுவாகச் சாய்த்து வெளியே விட வேண்டும். வேகமாகக் கொப்பளிக்கக் கூடாது. மற்ற பற்களை வழக்கம்போல் துலக்கலாம், குழியை மட்டும் தொட வேண்டாம்.

ஊற்றுத் தண்ணீரோ ஓடைத் தண்ணீரோ, கொதிக்க வைத்து ஆற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும். வாய்ப் புண்ணில் படும் நீர் சுத்தமாக இருக்க வேண்டியது ஏன் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு கசப்பான உதாரணம் இருக்கிறது. 2023-ல் வாணியம்பாடியில் ஒரு தனியார் பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களுக்கு, மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் மூளைத் தொற்று ஏற்பட்டு 8 பேர் உயிரிழந்தனர். திறந்து வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்திய சலைன் பாட்டில்தான் காரணமாக இருந்திருக்கும் என 2025-ல் வெளியான ஆய்வு கூறியது. இது மிக அரிதான சம்பவம். ஆனால், தண்ணீரைக் கொதிக்க வைப்பது பெரிய வேலை இல்லை.

மாத்திரையில் கவனம்

மரப்பு தெளிவதற்கு முன்பே, டாக்டர் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டுவிட்டால் வலி கட்டுக்குள் இருக்கும். ஆஸ்பிரினைத் தானாக வாங்கிப் போடக் கூடாது, ரத்தக் கசிவை அதிகமாக்கும். அல்சர், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாது, முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக் எல்லோருக்கும் தேவைப்படாது. எழுதிக் கொடுத்திருந்தால், வலி போய்விட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

சாராயம், புகையிலை, கண்டங்கத்திரிப் புகை

‘ஒரு வாய் சாராயம் வெச்சா வலி மரத்துடும்’ என்பது பழைய நம்பிக்கை. ஆறாத குழியை அது எரித்துப் புண்ணாக்கும். பல் சிகிச்சையில் அடிக்கடி தரப்படும் மெட்ரோனிடசோல் மாத்திரையோடு மது சேர்ந்தால் வாந்தி, படபடப்பு வரலாம். கள்ளச்சாராயம் என்றால் உயிருக்கே ஆபத்து. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைப் பலி வாங்கியதை மாவட்டம் மறந்திருக்காது.

பீடி, சிகரெட்டை உறியும்போது கட்டி பெயரும். புகை ரத்த ஓட்டத்தைக் குறைத்து, ஆறுவதையும் தாமதமாக்கும். குறைந்தது 3 நாளாவது தொடாமல் இருக்க வேண்டும், ஒரு வாரம் என்றால் இன்னும் நல்லது. வாயில் ஒதுக்கும் புகையிலையும் அப்படித்தான். பல்வலிக்குக் கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிக்கும் வழக்கமும் பல் எடுத்த பிறகு வேண்டாம். சூடும் புகையும் புண்ணுக்கு ஆகாது.

வலி குறைந்து, மறுபடி கூடுதா?

வீக்கம் 2, 3 நாளில் உச்சத்துக்குப் போய் அப்புறம் வடியும். வலியும் நாளுக்கு நாள் குறைய வேண்டும். அப்படிக் குறைந்த வலி, 2-ம் நாளிலிருந்து 4-ம் நாளுக்குள் திடீரென அதிகமாகி, காது வரை இழுத்து, வாயில் கெட்ட வாடையும் வந்தால், அது பெரும்பாலும் ‘ட்ரை சாக்கெட்’. கட்டி பெயர்ந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று அர்த்தம். பொதுவாகப் பல் எடுக்கும் 100 பேரில் 2 முதல் 5 பேருக்கு இது வரலாம். கீழ்க் கடைசி ஞானப்பல் எடுத்தவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம்.

இதில் உயிர் பயம் இல்லை, ஆனால் வீட்டு வைத்தியத்தில் அடங்காது. டாக்டர் குழியைச் சுத்தம் செய்து மருந்து வைத்தால் வலி சீக்கிரமே தணியும். கிராம்பு எண்ணெயை நேராகக் குழியில் ஊற்றினால் சதை வெந்துபோகும்.

எப்போது உடனே கீழே இறங்கணும்?

* 30 நிமிடம் வீதம் 2 முறை அழுத்திக் கடித்தும் ரத்தம் நிற்காமல் வழிந்தால்
* 3 நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறிக்கொண்டே போனால்
* காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால், சீழ் வந்தால்
* வாயைத் திறக்க முடியாமல் போனால்
* அடுத்த நாளும் உதடோ நாக்கோ மரத்தே இருந்தால்

தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல், மூச்சு வாங்கினால் அது அவசரநிலை. தொற்று கழுத்துக்குள் பரவி மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடும். விடியட்டும், முதல் பஸ்ஸுக்குப் போகலாம் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரியானாலும் 108-ஐ அழைக்க வேண்டும். போகலாமா வேண்டாமா என்ற சந்தேகம் மட்டும்தான் என்றால், 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.