மோர்ஸ் தெரிந்தால்தான் உரிமமா?
டா டி டா டிட்... டா டா டி டா. ‘யாராவது கேட்கிறீர்களா?’ என்று ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள் மோர்ஸ் தந்தியில் விடுக்கும் அழைப்பு இது.

நேயர்களே, 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, கடல் தாண்டி எட்டும் சிற்றலைகளில் ஒலிபரப்ப மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும் என்று முன்பு உலக விதியே இருந்தது. அமெரிக்காவில் உச்சநிலை உரிமம் பெற, நிமிடத்துக்கு 20 சொற்கள் வேகத்தில் தேர்வு. 2000-இல் அது 5 சொற்களாகக் குறைந்தது. 2003-இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு, மோர்ஸ் வேண்டுமா என்ற முடிவை அந்தந்த நாட்டிடமே விட்டது. 2007 பிப்ரவரி 23 முதல் அமெரிக்காவில் அந்தத் தேர்வே இல்லை.

பாடுபட்டுக் கற்றவர்கள் தரம் போய்விடும் என்று கொதித்தார்கள். தேர்வை நீக்கியது சரிதான். ஆனால் அலைவரிசைப் பங்கீட்டில் அவர்களுடைய கவலைக்கு நியாயம் உண்டு. 2006 டிசம்பரில் அமெரிக்காவில், 80 மீட்டர் பட்டையில் பேச்சுக்கான எல்லை 3.75 மெகாஹெர்ட்ஸிலிருந்து 3.6 வரை கீழே இறங்கியது. பேச்சு நுழையாத இடமாக மிஞ்சியது 3.5 முதல் 3.6 வரைதான். ஒரு குரலுக்குச் சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸுக்கோ 150 ஹெர்ட்ஸ் போதும். ஒருவர் பேசும் இடத்தில் பத்துப் பேருக்கு மேல் தந்தி அடிக்கலாம்! அத்தனை சிக்கனமான முறைக்குத் தனி இடம் காப்பது அவசியம்.

தேர்வு போன அதே நாளில், தொடக்கநிலை உரிமக்காரர்களுக்கு 80, 40, 15 மீட்டர் பட்டைகளில் இடம் கிடைத்தது. அங்கே அவர்களுக்கு அனுமதி மோர்ஸுக்கு மட்டுமே.